இடுப்பளவுத் தூரம்: சிவகாசியும் திரைமொழியின் அடிப்படைச் சொற்களும்

(விருதுநகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டினார்கள். அன்று திரையில் வந்த முதல் படம் ஓர் ஆலையின் வாசல். லியோன் நகரில் அவர்களே நடத்திவந்த ஆலை அது. ஒளிப்படத் தகடுகள் அங்கே தயாராயின. கதவு திறக்கிறது. வேலை முடித்தவர்கள் வெளியே வருகிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது, சைக்கிளில் ஒருவர் போகிறார். ஒரு நிமிடம் ஆவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

நூறு ஆண்டு கழித்து, 1995-ல், ஜெர்மானிய இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி அதே பொருளில் ஒரு கட்டுரைப் படம் எடுத்தார். பல நாட்டுப் படங்களிலிருந்து ஆலை வாசல் காட்சிகளைத் தேடி எடுத்து ஒன்றாகக் கோத்தார். ஒரு நூற்றாண்டுச் சினிமாவில் கேமரா பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான் நின்றிருக்கிறது என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் விளங்கும். தொழிலாளி வேலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்குக் கதை தொடங்குகிறது. உள்ளே கழிந்த எட்டு மணி நேரம் திரைக்கு வருவதில்லை.

இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த லூமியேர் படம் பழக்கமான காட்சியாகவே இருக்கும். சாயங்காலம் சிவகாசியைச் சுற்றியுள்ள சாலைகளில் ஆலை வண்டிகள் வரிசையாகத் திரும்புகின்றன. ஜன்னலோரம் பெண்கள், மடியில் தூக்குச்சட்டி, முழங்கைவரை அலுமினியப் பொடியின் வெள்ளிப் பூச்சு. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் தயாராகிறது என்று சொல்வார்கள். அதைச் செய்கிறவர்களின் முகத்தை நாடு எவ்வளவு பார்த்திருக்கிறது?

இன்றைய உரை திரைமொழியின் அடிப்படைச் சொற்களைப் பற்றியது. ஷாட், ஆங்கிள், டிராலி, கட் என்று அவற்றைப் பட்டியல் போட்டு விளக்குவது எளிது. புத்தகங்கள் அதைச் செய்கின்றன. இந்த உரை வைக்கும் கருத்து ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி இருக்கிறது: ஒரு மனிதரை எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது? அந்தக் கேள்விக்கு உரிய பாடம் இந்த வட்டாரத்திலேயே கிடக்கிறது.

1. சட்டகம்

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த பெண்ணுக்குச் சட்டம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டாம். மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாக, ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி, பிறகு மருந்தில் தோய்ப்பார்கள். இடைவெளி பிசகினால் முனைகள் ஒட்டிக்கொள்ளும். சினிமாவின் ஃபிரேமும் இதே வேலைதான். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எவ்வளவு இடம் கொடுப்பது.

இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டகத்தைப் பழக்கிக்கொடுத்த ஊர் சிவகாசி. அது காலண்டர். கோவில்பட்டியில் தங்கி வரைந்த கொண்டையராஜு (1898–1976) அதற்கு முன்பு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் பதிப்பாகி வடக்கேயும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படங்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். சட்டகம் நெட்டுக்குத்தானது. நடுவில் தெய்வம், இருபுறமும் சமமான எடை. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. நாம் தெய்வத்தைப் பார்க்கிறோம், தெய்வம் நம்மைப் பார்க்கிறது. நடுவே வேறு யாரும் இல்லை.

ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) போன்ற புராணப் படங்கள் இந்த நேர்முகப் பார்வையைத் திரைக்குக் கொண்டுவந்தன. அவரே 1973-ல் 'ராஜராஜ சோழன்' எடுத்தபோது தமிழுக்கு முதல் சினிமாஸ்கோப் வந்தது. சட்டகம் இருபுறமும் நீண்டுவிட்டது. நடுவில் ஒருவரை நிறுத்தினால் இரு ஓரங்களும் காலியாகத் தெரியும். அந்தக் காலியிடத்தை என்ன செய்வது என்று யோசித்தவர்கள்தான் பிற்பாடு கரிசல் காட்டையும் பொட்டலையும் ஒரு பாத்திரமாகவே ஆக்கினார்கள்.

இப்போது கைப்பேசி சட்டகத்தை மறுபடியும் நிமிர்த்திவிட்டது. நெட்டுக்குத்தாக எடுக்கும் ஒவ்வொரு காணொளியும் அளவில் ஒரு காலண்டர். நிற்கும் ஒருவர் அதில் அழகாக அடங்குவார். தரையில் உட்கார்ந்து, திரியும் காகிதக் குழலும் பசைக் கிண்ணமும் தன்னைச் சுற்றிப் பரப்பி வேலை செய்கிறவர் அதில் அடங்கமாட்டார். பாதி வேலை வெளியே போய்விடும். படுக்கையாகப் பிடியுங்கள் என்று ஒளிப்பதிவாளர்கள் சொல்வதற்கு இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு தனிக் காரணமும் உண்டு.

2. தூரம்

படப்பிடிப்புத் தளத்தில் பேசப்படும் அளவுகள் தெரிந்தவைதான். நிலமும் ஆளும் சேர்ந்து தெரிந்தால் லாங் ஷாட். இடுப்புக்கு மேல் என்றால் மிட் ஷாட். முகம் மட்டும் என்றால் குளோஸ்-அப். கண்ணையோ விரலையோ மட்டும் எடுத்தால் டைட் குளோஸ். ஒருவரின் தோள் வழியே எதிராளியைக் காட்டுவதை நம் ஊர்க் குழுவினர் 'சஜஷன்' என்பார்கள். இவை ஒவ்வொன்றும் பார்வையாளரை ஓர் இடத்தில் உட்கார வைக்கின்றன. லாங் ஷாட்டில் நாம் ஊரின் எல்லையில் நிற்கிறோம். குளோஸ்-அப்பில், சொந்தக்காரர் மட்டுமே நெருங்கக்கூடிய தூரத்தில் இருக்கிறோம்.

சிவகாசி ஆண்டுதோறும் இரண்டு முறை திரையில் வருகிறது. தீபாவளிக்கு முன்னால் வரும்போது அது டைட் குளோஸ்: மத்தாப்பின் பொறி, சங்குச் சக்கரத்தின் சுழற்சி, சரம் பின்னும் விரல்கள். விபத்தில் வரும்போது அது எட்டத்திலிருந்து எடுத்த லாங் ஷாட்: பனைகளுக்கு அப்பால் எழும் புகை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் குறைந்தது 38 பேர் இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நாடு பார்த்தது புகையை. அந்தப் புகைக்குள் ஓடியவர்கள் யார், அதற்கு முந்தின நாள் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்குப் படம் இல்லை.

பொறி ஒரு பக்கம், புகை ஒரு பக்கம். நடுவில் இருக்க வேண்டிய மிட் ஷாட் காணாமல் போயிருக்கிறது.

மிட் ஷாட்டைச் சாதாரணமான ஷாட் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. லாங் ஷாட்டின் பிரமாண்டம் அதில் இல்லை, குளோஸ்-அப்பின் உணர்ச்சி இல்லை, பேசுகிறவர்களைக் காட்ட மட்டும் உதவும் என்பார்கள். ஆனால் மனித உடலின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். முகமும் இரண்டு கைகளும் ஒரே சட்டகத்தில் வருவது இந்த ஒரு தூரத்தில்தான். விரல்களை மட்டும் காட்டினால் வேலைத் திறமை தெரியும். அது யாருடைய திறமை என்று தெரியாது. முகத்தை மட்டும் காட்டினால் துயரம் தெரியும். அந்த முகத்துக்கு உரியவருக்கு ஒரு தொழில் தெரியும் என்பது மறைந்துவிடும். இடுப்பளவுத் தூரத்தில் கை வேலை செய்கிறது, முகம் அதைக் கவனிக்கிறது, நடுநடுவே பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ பேசுகிறது. உழைப்பவரை உழைப்போடு சேர்த்துப் பார்க்கும் தூரம் அது.

பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாகப் போகிறார். அந்தக் காட்சியில் வசனம் கிடையாது. பின்னணியில் இளையராஜாவின் இசை. அவர் உள்ளே வருகிறார், நிற்கிறார், சுற்றிலும் பார்க்கிறார். அந்த உடம்பின் வயதையும் அந்தச் செங்கல் சுவரையும் சேர்த்தே பார்க்க விடுகிறது கேமரா. முகத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அவருடைய மகிழ்ச்சி தெரிந்திருக்கும். எதற்காக மகிழ்கிறார் என்பது கைநழுவியிருக்கும்.

இந்த மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு சசி இயக்கிய 'பூ' (2008). பார்வதி ஏற்ற மாரி என்னும் பெண் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவள். தமிழ்ச் சினிமாவின் கதாநாயகிக்கு ஆலை வேலை அபூர்வம். அதைவிட அபூர்வம், வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு பெரிய ஆசை இருக்கிறது என்று படம் நம்புவது. பட்டாசுத் தொழிலாளி என்றால் விபத்துச் செய்தி மட்டுமே என்றிருந்த திரையில், அவளுக்குக் காதலும் பிடிவாதமும் சிரிப்பும் கிடைத்தன. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் படத்தை இந்த மாவட்டம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

3. கண்மட்டம்

கேமராவை எந்த உயரத்தில் வைப்பது? கீழிருந்து மேலே பார்த்தால் லோ ஆங்கிள். நாயகன் அறிமுகமாகும் காட்சிகளில் நம் கண்ணுக்குப் பழகியது. மேலிருந்து பார்த்தால் டாப் ஆங்கிள். ஆள் சிறுத்துப் போவார்.

சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று பெயர். உண்மையான ஜப்பானில் யசுஜிரோ ஓசு என்றோர் இயக்குநர் இருந்தார். 'டோக்கியோ ஸ்டோரி' (1953) அவருடைய படம். பாயில் உட்கார்ந்து வாழும் வீடுகளைப் படமாக்கிய அவர், கேமராவையும் தாழ்த்தித் தரைக்கு அருகில் வைத்தார். நின்றுகொண்டு எடுத்தால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் தலை உச்சிதான் தெரியும். தாழ்த்தி வைத்தபோது அவர்களோடு நாமும் பாயில் உட்கார்ந்துவிடுகிறோம்.

பட்டாசு வேலையில் பெரும்பகுதி சம்மணமிட்டுச் செய்வது. செய்திக்காக உள்ளே நுழையும் கேமராவோ நிற்பவரின் தோள் உயரத்தில் இருக்கிறது. ஆகவே அந்தப் பெண்கள் எப்போதும் அண்ணாந்து பதில் சொல்கிறார்கள். கேட்பவர் மேலே, சொல்பவர் கீழே என்று ஆகிவிடுகிறது. யாரும் திட்டமிட்டு அவமதிக்கவில்லை. முக்காலியின் கால்களைச் சுருக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. இரண்டடி கீழே இறங்கினால் அந்த உரையாடலின் தன்மையே மாறிவிடும்.

4. வெளிச்சம்

விருதுநகர்க்காரரான வசந்தபாலன் இயக்கிய படத்துக்குப் பெயரே 'வெயில்' (2006). ஒளிப்பதிவு ஆர். மதி. தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது. 2007-ல் கான் விழாவிலும் திரையிடப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமா பார்க்கப் போன முருகேசனை அப்பா உடையைக் களைந்து கொதிக்கும் வெயிலில் நிறுத்துகிறார். ஊரே பார்க்கிறது. அவமானம் தாங்காமல் வீட்டைவிட்டு ஓடும் பையன் ஒரு திரையரங்கில் ஆபரேட்டர் ஆகிறான். இந்தக் கதையை வெளிச்சத்தின் கதையாகவும் படிக்கலாம். ஒளிய இடம் தராமல் மேலிருந்து எரிக்கும் சூரியன் ஒன்று. ஆபரேட்டர் அறையின் சிறு துளை வழியே இருட்டுக்குள் பாயும் ஒளிக்கற்றை மற்றொன்று. முதல் வெளிச்சம் அவனைத் துரத்துகிறது, இரண்டாவது அடைக்கலம் தருகிறது.

உச்சி வெயிலில் படம் எடுப்பதை ஒளிப்பதிவாளர்கள் விரும்புவதில்லை. கண்குழியில் நிழல் விழும், முகம் மறையும். காலை, மாலைச் சாய்வெயிலுக்குக் காத்திருப்பார்கள். இல்லையென்றால் தெர்மாகோல் பலகையைப் பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்புவார்கள். இந்தச் சிறு உத்திக்குப் பின்னால் ஒரு பெரிய பெயர் இருக்கிறது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவில் அமைத்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வானத்திலிருந்து இறங்கியதுபோல் மென்மையாக விழுந்தது. தமிழ்ச் சினிமாவில், இருக்கிற வெளிச்சத்தையே நம்பி எடுக்கும் பழக்கத்தை வேரூன்றச் செய்தவர் மட்டக்களப்பிலிருந்து வந்த பாலுமகேந்திரா.

பட்டாசு ஆலையின் மருந்து அறை இந்தப் பாடத்துக்கு இயற்கையாக அமைந்த கூடம். அங்கே படப்பிடிப்பு விளக்கு கொண்டுபோக முடியாது. ஒரு பொறி போதும். கைப்பேசிக்கே அனுமதி இல்லை. தப்பி ஓட வாகாகக் கதவுகள் வெளிப்புறம் திறக்கின்றன. அந்தக் கதவு வழியே வரும் பகல் வெளிச்சம்தான் வேலைக்கு வெளிச்சம். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே விதிப்படி வெற்றிடம் விட்டிருப்பதால் அது தடையில்லாமல் உள்ளே வரும். பக்கவாட்டில் விழும் அந்த ஒளியில் முகத்தின் ஒரு பாதி துலங்கும், மறுபாதி நிழலில் அமிழும். ஐரோப்பிய ஓவியர்கள் ஜன்னலோரம் ஆளை உட்கார வைத்துத் தேடிய ஒளி இது. உயிரைக் காக்கப் போட்ட விதி அந்த முகங்களுக்கு இந்த ஒளியைக் கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து, உரிய அனுமதியோடு, பாதுகாப்பான தொலைவில் கேமராவை வைத்து எடுத்தாலும் இது கிடைக்கும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ட்ரான்சியம் சிவப்பு தரும், பேரியம் பச்சை தரும், தாமிரம் நீலம் தரும், அலுமினியம் வெள்ளி தரும். எந்த உப்பு எந்த நிறம் என்பதை அனுபவத்தில் அறிந்த மக்கள் இங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது வானத்தின் பச்சை என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. அது சூழலையும் பிழைப்பையும் பற்றிய பெரிய விவாதம். இந்த உரைக்குள் அடங்காது. ஒரு நிறத்துக்குப் பின்னால் வேதியியலும் சட்டமும் கூலியும் இருக்கின்றன என்பதைப் படம் எடுக்கப் போகிறவர்கள் அறிந்திருந்தால் நல்லது.

5. அசைவு

நின்ற இடத்தில் கேமரா பக்கவாட்டில் திரும்பினால் பேன், மேலும் கீழும் திரும்பினால் டில்ட், தண்டவாளத்தில் உருண்டு போனால் டிராலி. இப்போது ஹெலிகேம் வந்துவிட்டது. கல்யாண வீட்டிலும் பறக்கிறது, விபத்து நடந்த இடத்திலும் பறக்கிறது. வானிலிருந்து பார்க்கும்போது ஆலை அறைகள் காலி மைதானத்தில் சிதறிய தீப்பெட்டிகள் போலத் தெரிகின்றன. அழகான காட்சிதான். ஆனால் அந்த உயரத்திலிருந்து ஒருவர்மீது அக்கறை கொள்வது கடினம்.

6. வெட்டு

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். நடிகர் மொஸ்ஜுகினின் சலனமற்ற முகம். அதை அடுத்து ஒரு தட்டு சூப்பைக் காட்டினால், பார்ப்பவர்கள் அந்த முகத்தில் பசியைக் கண்டார்கள். சவப்பெட்டியைக் காட்டினால் துக்கத்தைக் கண்டார்கள். முகம் ஒன்றுதான், பக்கத்தில் வைத்த படம் பொருளை மாற்றிவிட்டது.

சிவகாசியின் புகைக்குப் பக்கத்தில் எதை வைப்பது? மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் பணக்கார வீட்டுக் குழந்தையை வைத்தால் குற்றவுணர்வு வரும். கோடிக்கணக்கான வியாபாரக் கணக்கை வைத்தால் கோபம் வரும். இரண்டும் பார்ப்பவரின் உணர்ச்சிகள். புகைக்கு முந்தின நாள், இடுப்பளவுத் தூரத்தில், திரி வைத்துக்கொண்டே அடுத்த வாரத் திருவிழாவைப் பற்றிப் பேசும் ஒரு பெண்ணை வைத்தால் இழந்தது என்ன என்று தெரியவரும்.

சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் பிள்ளைகள் இருந்த காலம் அது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் விரிவான தீர்ப்பு 1996-ல்தான் வந்தது. நடுவில் வந்த அந்தப் படம் தலைப்பிலேயே ஒரு வெட்டு போட்டிருக்கிறது. ஊரின் பெருமைப் பெயர் ஒரு ஷாட். அதற்கு அடுத்தது குழந்தைகள். இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கும்போது, முன்பு தனித்தனியே சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகின்றன.

வெட்டாமல் இருப்பதும் ஒரு முடிவு. பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. மதுரை மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியின் வறண்ட நிலம். நம் கரிசல் அல்ல, ஆனால் அதே வெயில். குடிகார அப்பாவும் பள்ளிக்கூடத்துப் பையனும் பொட்டலில் நடக்கிறார்கள். நீண்ட ஷாட்கள், விக்னேஷ் குமுளையும் ஜெய பார்த்திபனும் ஒளிப்பதிவு செய்தது. கேமரா அவர்களோடு நடக்கிறது, சில சமயம் பின்தங்குகிறது. பையன் உடைந்த கண்ணாடித் துண்டால் வெயிலை அப்பாவின் முதுகில் பாய்ச்சுகிறான். அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் வெளிச்சம்.

படம் முடியும் இடத்துக்கு வருவோம். மண்ணில் தோண்டிய ஒரு சிறு ஊற்றுக்குழி. சுற்றிலும் பெண்கள் குடங்களோடு காத்திருக்கிறார்கள். ஒருவர் குழிக்குள் இருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். ஊறும்வரை பொறுக்க வேண்டும். கேமரா பக்கத்திலேயே, தாழ்வாக, அவசரம் இல்லாமல் இருக்கிறது. கையும் தெரிகிறது, ஆளும் தெரிகிறது. யாரும் கேமராவை அண்ணாந்து பார்க்கவில்லை. குடம் மெல்ல நிறைகிறது, வெட்டு வரவில்லை, இன்னொரு கை மொள்ளுகிறது.